கார்ட்ரிட்ஜா, கூடையா? தொங்கு ஃபில்டர் வாங்குவதற்கு முன்

மீன்தொட்டியின் பின்கண்ணாடியில் மாட்டுகிற ஹேங் ஆன் பேக் ஃபில்டர்கள் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். குழாய் தண்ணீரை உறிஞ்சும், பெட்டிக்குள் வடிகட்டும், சின்ன அருவியாகத் தொட்டியில் திரும்ப விழும். மூடியைத் திறந்தால்தான் அவை இரண்டு வகை என்று தெரியும். ஒன்றில், நடுவே கரித்தூள் வைத்துத் துணி போர்த்திய பிளாஸ்டிக் சட்டம் ஒன்றைச் செருகியிருப்பார்கள், அதுதான் கார்ட்ரிட்ஜ். மற்றதில் வெறும் கூடை இருக்கும். ஸ்பாஞ்ச், செராமிக் வளையம் என்று வேண்டியதை நாமே அடுக்கிக்கொள்ளலாம்.

நான் முதலில் வாங்கியது கார்ட்ரிட்ஜ் வகை. ஐந்து வருடமாக ஓடுவது கூடை வகை. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

சீக்கிரம் முடிகிற விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் இரண்டுமே சளசளவென்று இரையும், மட்டத்தை ஏற்றினால் அடங்கிவிடும். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 4 முதல் 6 மடங்கு தண்ணீர் ஓட வேண்டும் என்ற கணக்கும் பொது. 60 லிட்டர் தொட்டிக்கு 240 முதல் 360 லிட்டர். மீடியா (ஸ்பாஞ்ச், வளையம் போன்ற வடிகட்டும் பொருட்கள்) நிரம்பி, அழுக்கும் சேர்ந்த பிறகு ஓட்டம் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைவிடக் குறையும் என்பதால், ஓர் அளவு பெரிதாக வாங்குவதே நல்லது. கார்ட்ரிட்ஜ் வகையில் ஒரு வசதி உண்மையிலேயே உண்டு: கையில் அழுக்குப் படாமல், பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகி ஒரே நிமிடத்தில் வேலையை முடிக்கலாம்.

அந்த ஒரு நிமிட வேலைதான் எனக்குப் பாடம் கற்றுக் கொடுத்தது. 60 லிட்டர் தொட்டி, 12 நியான் டெட்ரா, அடியில் மெல்லிய மணல் அடுக்கு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று உறையில் போட்டிருந்தபடி ஒழுங்காக மாற்றி வந்தேன். மூன்றாவது முறை மாற்றிய மறுநாள் தண்ணீர் பால் கலந்தது போல மங்கியது. அதற்கு அடுத்த நாள் டெட்ராக்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவித்தன. சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய நிறம் பச்சைக்குத் திரும்பியிருந்தது. அம்மோனியா. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றியும் 3 மீன்களைக் காப்பாற்ற முடியவில்லை.

காரணம் எளிது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜனோடு தண்ணீர் ஓடும் இடத்தில் வளர்பவை. சின்னத் தொட்டியில் அப்படிப்பட்ட சிறந்த இடம் ஃபில்டர்தான். மற்ற பல பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும்போது, இவற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள்கூட ஆகும். புதுத் தொட்டி சைக்கிள் ஆக, அதாவது இந்த பாக்டீரியா போதுமான அளவு வளர்ந்து நிலைக்க, 4 முதல் 6 வாரம் பிடிப்பது அதனால்தான். இந்தக் கணக்கையும் உறையில் இருந்த நான்கு வாரக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாக்டீரியா நன்றாகக் குடியேறும் நேரத்தில் அதன் வீட்டையே தூக்கிக் குப்பையில் போடுகிறோம். நாள்பட்ட தொட்டியில், தடித்த மணல் அடுக்கும் செடியும் இருந்தால் அங்கே இருக்கும் பாக்டீரியா கைகொடுக்கும். என் தொட்டியில் அது போதவில்லை.

கூடை வகையில் எதையும் மொத்தமாகத் தூக்கிப்போட வேண்டியதில்லை, அதுதான் அதன் பலம். என் கூடையில் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுகிறது. அதனால் அடியில் ஸ்பாஞ்ச், மேலே செராமிக் வளையம். பெரிய அழுக்கை ஸ்பாஞ்ச் பிடித்துக்கொள்வதால் வளையங்கள் அடைபடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரை வாளியில் எடுக்கும்போது, அந்தத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை நாலைந்து தடவை பிழிந்து எடுப்பேன். குழாய் நீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வளையங்களை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அதே வாளித் தண்ணீரில் ஓர் அலசு. ஸ்பாஞ்சை அலசிய அன்று வளையங்களைத் தொடுவதில்லை. கரித்தூளை எப்போதும் போட்டு வைப்பதில்லை. மருந்து ஊற்றி முடித்த பிறகு மிச்சத்தை உறிஞ்ச மட்டும் ஒரு பையில் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுகிறேன். இன்றுவரை அதே ஸ்பாஞ்ச்தான் ஓடுகிறது.

எந்த வகையானாலும் இம்பெல்லரை, அதாவது சுழன்று தண்ணீரைத் தள்ளும் சின்னக் காந்த விசிறியை, மறக்கக் கூடாது. ஓட்டம் குறைந்ததும் மீடியாவைக் குறை சொல்கிறோம். பாதி நேரம் குற்றவாளி இம்பெல்லர் குழியில் படிந்த வழவழப்புதான். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, காந்தத்தைக் கையால் இழுத்து எடுத்து, பழைய பல் பிரஷால் தேய்த்தால் போதும். சுண்ணாம்பு படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி ஏற வேண்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மோட்டார் இருக்கும் இடத்தையும் பாருங்கள். அக்வாகிளியரில் மோட்டார் பெட்டிக்கு அடியில், தொட்டிக்கு வெளியே இருக்கிறது. சீகெம் டைடலில் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் கூடை வகைதான். மோட்டார் வெளியே இருந்தால், மின்சாரம் போய்த் திரும்பும்போது குழாயில் காற்று புகுந்திருந்தால் தண்ணீர் ஏறாமல் உறுமிக்கொண்டே நிற்கும்; ஒரு குவளைத் தண்ணீரைப் பெட்டியில் ஊற்றினால்தான் பிடிக்கும். உள்ளே இருப்பது தானாகவே தொடங்கிவிடும். மின்வெட்டு அடிக்கடி வருகிற வீட்டுக்கு உள்மோட்டார்தான் என் யோசனை. ஆனால் உள்மோட்டார் ஃபில்டரை நான் பயன்படுத்தியது ஒரு வருடம்தான். நீண்ட நாள் உழைப்பைப் பற்றி அந்த அளவுக்கே என் வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதெல்லாம் நன்னீர்த் தொட்டிக்குத்தான், கடல்நீர்த் தொட்டி வைத்த அனுபவம் எனக்கில்லை.

இறாலோ குஞ்சுகளோ இருந்தால் உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் உறை மாட்டுவது கட்டாயம். பீட்டா எனும் சண்டை மீனுக்கு ஓட்டத்தைக் குறைக்க முடிகிற மாடலாகப் பாருங்கள்.

ஏற்கெனவே கார்ட்ரிட்ஜ் வகை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்துக்குப் பின்னால் பெரும்பாலும் கொஞ்சம் இடம் இருக்கும். அங்கே ஒரு ஸ்பாஞ்ச் துண்டை வெட்டி வையுங்கள். ஒன்றரை மாதம் போனால் ஸ்பாஞ்சிலும் பாக்டீரியா ஏறிவிடும், பிறகு கார்ட்ரிட்ஜை எடுத்தாலும் தொட்டி தாங்கும். என் பழைய ஃபில்டரை அப்படித்தான் மாற்றினேன். இப்போது அது புது மீன்களைத் தனியே வைத்துப் பார்க்கும் சின்னத் தொட்டியில் ஓடுகிறது. புது மீன் வரும் நாளில் பெரிய கூடையிலிருந்து ஒரு பிடி செராமிக் வளையத்தை எடுத்து அதில் போட்டுவிடுவேன்.