கேஸா, கரண்ட் அடுப்பா, மண் அடுப்பா: வியாசர்பாடி வீட்டுக் கணக்கு

சிலிண்டர் விலை ஏறினால் போதும், "பேசாம மண் அடுப்புக்கே போயிடலாம்" என்று எங்கள் தெருவில் பேச்சு வந்துவிடும். பொங்கல் நெருங்கினால் கொசப்பேட்டைப் பக்கம் புதுப்பானையோடு மண் அடுப்பும் கிடைக்கும். வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு.

14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஆகிற சமையலுக்கு, சாதாரண மண் அடுப்பில் காய்ந்த விறகு 200 கிலோவாவது எரிக்க வேண்டும். விறகுச் சூட்டில் எட்டில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது. மரக்கடைச் சிராய் சும்மா கிடைத்தால் சரி, விறகுத்தொட்டியில் எடை போட்டு வாங்கினால் மிச்சம் எங்கே? சும்மா கிடைக்கிறதென்று பிளைவுட் துண்டையும் பெயின்ட் அடித்த பலகையையும் மட்டும் எரிக்காதீர்கள். அந்தப் புகை விஷம்.

என் பயமே புகைதான். பத்துக்குப் பத்து அறை, ஒரே ஜன்னல், அதிலேயே கைக்குழந்தையும் தூங்கும். ஊதாங்குழலோடு உட்கார்ந்த என் அம்மாவுக்கு இருமல் இன்றுவரை விடவில்லை. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-இல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கிருஷ்ணாயில் ஸ்டவ்வும் வேண்டாம். புகை, நாற்றம், தீப்பிடிக்கும் பயம் மூன்றும் அதில் உண்டு.

கரண்ட் அடுப்பில், அதாவது இண்டக்‌ஷன் ஸ்டவ்வில், புகையே இல்லை. ஒரு சிலிண்டர் வேலைக்குச் சுமார் 130 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்த சலுகையை ஃபேனும் ஃபிரிட்ஜுமே தின்றுவிடும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் கட்டும் வாடகை வீட்டில் அந்த இலவசமும் கைக்கு வருவதில்லை. தனி மீட்டர் இருந்தால் பால், டீ, வெந்நீருக்கு வைத்துக்கொள்ளலாம். மண்சட்டி அதில் சூடேறாது. காசிமேட்டு மீன் வாங்கும் வீட்டுக்கு அது பெரிய குறைதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எங்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கேஸ் தீர்ந்த வீடுகளுக்கு மொட்டை மாடியில் ஒரு மண் அடுப்புதான் கஞ்சி கொடுத்தது. அது சுட்ட அடுப்பு. கீழே வாசலில் இருந்த பச்சை மண் அடுப்பு தண்ணீரில் கரைந்தே போனது. ஆகவே வாங்கினால் சுட்டதாகப் பார்த்து வாங்கி, மாடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்து, பக்கத்தில் ஒரு கட்டு காய்ந்த விறகும் வையுங்கள். அறைக்குள் மட்டும் ஏற்றாதீர்கள்.

கேஸில் சமைத்தால் ருசி போய்விடும் என்பார்கள். கருவாடு சுடத் தணல் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். மீன் குழம்புக்கு மண்சட்டியும் சிறு தீயும் போதும். எங்கள் வீட்டில் நெத்திலிக் குழம்பு கேஸில்தான் கொதிக்கிறது. அம்மாவே கரண்டியில் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிவிட்டாள்.