படிக்கட்டு இல்லாத அறை

விமானப்படையில் எம்ஐ-17 ஹெலிகாப்டரில் ஃப்ளைட் இன்ஜினியராக இருந்தேன். இரண்டு பைலட்டுகளுக்கும் கொஞ்சம் பின்னால், நடுவில் உட்காருகிற மூன்றாவது ஆள். ஊருக்கு வந்தபின் எல்லாரும் பறந்த கதையைத்தான் கேட்கிறார்கள். உண்மையில், அழைப்பு வருமா என்று ஸ்டாண்ட்பை அறையில் படுத்துக் கிடந்த நேரம்தான் அதிகம். பதினோரு வருடம், நாலு தளங்கள்.

கட்டில், டி.வி. எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். கேரம் போர்டு இருக்கும், ஸ்ட்ரைக்கர் இருக்காது. கட்டிலுக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் மார்க் போடுவேன்.

ஒரு தளத்தில் அறையை மாடியில் வைத்திருந்தார்கள். மழை ராத்திரி, மணி அடித்தது. மொசைக் படியின் கடைசியில் பூட்ஸ் வழுக்கி கணுக்கால் பிசகி, மூன்று வாரம் பறக்கவில்லை. அமெரிக்கர்கள் 1950களின் கடைசியில் குண்டுவீச்சு விமானக் குழுக்களுக்குக் கட்டிய விடுதிகளில் தூங்கும் தளம் பாதி மண்ணுக்குள் இருந்தது. அங்கிருந்து சாய்தளமாக ஏறும் சுரங்க வழியில் நேரே வெளியே ஓடலாம். 'மோல் ஹோல்' என்று பட்டப்பெயர், நம் வார்த்தையில் எலிவளை. 15 நிமிடத்தில் கிளம்பவேண்டிய ஆட்களுக்குப் படி ஆகாது என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

அப்புறம் விளக்கு. இருட்டுக்குக் கண் சரியாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். டியூப்லைட் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். அதனால் ஒரு தளத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கி விளக்கின் மேல் நாங்களே ஒட்டினோம். அறை கோயில் கொடை மாதிரி ஆகிவிட்டது, ஆனால் வேலை நடந்தது.

கழிவறையைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள். பறக்கும்போது போடுகிற 'ஓவரால்' உடுப்பு சட்டையும் பேண்ட்டும் சேர்ந்த ஒரே துணி. உட்காரவேண்டும் என்றால் தோளிலிருந்து இடுப்புவரை உரித்து இறக்கவேண்டும், உடுப்பின் இரண்டு கையும் ஈரத்தரையில் புரளும். ஐந்து ரூபாய் கொக்கி ஒன்று சுவரில் அடித்திருந்தால் போதும். நாலு தளத்தில் ஒன்றில்தான் இருந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது ஸ்ரீவைகுண்டத்தில் அக்கா வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. சத்தம் கேட்டதுமே எம்ஐ-17 என்று தெரிந்துவிட்டது. பக்கத்து மாடி அண்ணாச்சி கையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "மழை வெறிச்சதும் வந்துட்டானுவளே!"

"ரூம் கீழ்த்தளத்துல இருக்கும், அண்ணாச்சி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.