டாக் ஷெட்யூலிங் மென்பொருளில் யாருக்கு எந்த அனுமதி: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

கிடங்குக்கு வரும் வண்டிகளுக்கு நேரமும் டாக்கும் (வண்டி வந்து நின்று சரக்கை இறக்கும் வாசல்) ஒதுக்கும் மென்பொருள் ஒன்றைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் அட்மின் வேலையும் என் தலையில்தான். திரை எப்படி இருக்கிறது, ரிப்போர்ட் எப்படி வருகிறது என்றெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கும்போது யாரும் கேட்காமல் விட்டுவிட்டு, வாங்கிய பிறகு தினமும் மல்லுக்கட்டுகிற ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்: ரோல்களும் (மென்பொருளில் ஒருவருக்குத் தரும் பொறுப்பு) அவற்றுக்கான அனுமதிகளும்.

அட்மின், மேனேஜர், டாக் சூப்பர்வைசர், கேட், டிரான்ஸ்போர்ட்டர் என்று தயார் ரோல்கள் மென்பொருளோடு வந்தன. பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. சிக்கல் எல்லாம் 'எடிட்' என்ற ஒரே ஒரு டிக் பெட்டிக்குள் இருந்தது. அப்பாயின்ட்மென்டில், அதாவது ஒரு வண்டிக்கான முன்பதிவில், வண்டி எண்ணைத் திருத்துவதும் எடிட், நேரத்தை மாற்றுவதும் எடிட், வேறு டாக்குக்குத் தள்ளுவதும் எடிட், ஸ்லாட் (ஒதுக்கிய நேர இடைவெளி) நிரம்பிய பிறகு இன்னொரு வண்டியைத் திணிப்பதும் எடிட். வண்டி எண்ணை மாற்றினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நேரத்தை மாற்றினால் இறக்குவதற்கு நிறுத்தி வைத்த ஆட்கள் கணக்கு மாறும். டாக்கை மாற்றினால், குளிர்சாதன வண்டி சாதாரண டாக்கில் போய் நிற்கலாம். திணித்தால் அந்த ஷிப்ட் முழுக்கப் பின்னால் நகரும், வண்டியைக் காக்க வைத்ததற்குக் காத்திருப்புக் கட்டணம் கேட்டு டிரான்ஸ்போர்ட்டரிடமிருந்து பில் வரும்.

கடைசி நேரத்தில் வண்டி மாறி வருவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. அதனால் கேட்டில் இருப்பவருக்கு எண்ணைத் திருத்தும் உரிமை கட்டாயம் வேண்டும். அதற்காக எடிட்டைக் கொடுத்தால், நாளைய காலண்டரையே மவுஸால் இழுத்து நகர்த்தும் உரிமையும் சேர்ந்து போய்விடுகிறது. பின்னால் வந்த ஒரு பதிப்பில் இதை நான்காகப் பிரித்தார்கள். இத்தனை காலத்தில் எனக்கு அதிகம் பயன்பட்ட அப்டேட் அதுதான். புதிதாக வாங்குகிறவர்கள் டெமோவில் இந்த ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: நேரத்தைத் தொட முடியாமல், வண்டி எண்ணை மட்டும் மாற்றக்கூடிய ஒரு பயனர். 'அதெல்லாம் பண்ணலாம் சார்' என்ற பதிலை ஏற்காதீர்கள், திரையில் காட்டட்டும்.

அடுத்தது, எந்த ரோல் என்பதோடு எந்த இடத்தில் என்பதையும் தனியாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருப்பவர் இன்னொன்றில் வெறுமனே பார்வையாளர். இந்த இரண்டும் பிரியாத மென்பொருளில் 'இரவு சூப்பர்வைசர், குளிர்ப் பிரிவு' என்கிற மாதிரி ரோல்கள் முளைத்துக்கொண்டே போகும். ஆளுக்கு அனுமதி கொடுக்காமல் ரோலுக்குக் கொடுங்கள் என்ற முறையை ஃபெராயோலோ, கூன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1992-இல் கட்டுரையாக எழுதினார்கள், 2004-இல் அது அமெரிக்கத் தரநிலையும் ஆனது. ஆட்கள் வந்து போனாலும் ரோல் நிலையாக இருக்கும் என்பதுதான் அதன் வசதி. ஆளுக்கொரு ரோல் என்று ஆகிவிட்டால் அந்த வசதி போய்விடும், பெயர்தான் மிஞ்சும். எங்கள் மென்பொருளில் இடம் தனியாக வருகிறது. டாக் குழு வரைக்கும் கூடப் பிரிக்கலாம். நல்ல விஷயம்.

வெளியாட்கள், அதாவது டிரான்ஸ்போர்ட்டர்கள் பக்கம்தான் சுவாரசியமானது. தங்கள் முன்பதிவும் காலி ஸ்லாட்டும் மட்டும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும். காலண்டரில் மற்றவர் ஸ்லாட் சாம்பல் நிறமாகத்தான் தெரிகிறது, சரி. ஆனால் தேடல் பெட்டியில் ஆர்டர் எண்ணைப் போட்டால் போட்டியாளரின் பெயர் வந்துவிடக்கூடாது. இதை ஒரு வெளியாள் லாகினில் நுழைந்து பார்த்தால்தான் தெரியும். அட்மின் திரையிலிருந்து தெரியாது.

இன்னொரு நுணுக்கம், கேன்சல். தாமதமாகப் போகிறோம் என்று தெரிந்ததும் டிரான்ஸ்போர்ட்டர் பழைய ஸ்லாட்டை ரத்து செய்துவிட்டு, இரண்டு மணி நேரம் தள்ளிப் புதிதாகப் போடுவார். ரிப்போர்ட்டில் அவர் எப்போதும் நேரத்துக்கு வந்தவர்! நேரத்தை மாற்றும் உரிமையை ஒரு கெடுவோடு கட்டி வைத்துவிட்டு, ரத்து செய்வதைத் திறந்து விட்டால் இதுதான் நடக்கும். இரண்டுக்கும் ஒரே கெடு வையுங்கள். கெடு தாண்டினால் கிடங்குக்காரர் ஒப்புதல் என்று வைத்தால் போதும்.

கேட்டில் வண்டி வந்த நேரம் பதிவாகிறதே, அதைத் திருத்தும் உரிமையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, மேனேஜருக்கும் சேர்த்துத்தான். காத்திருப்புக் கட்டணத் தகராறு முழுவதும் அந்த ஒரு நேரத்தில் வந்து நிற்கிறது. அந்தக் கட்டணத்தில் பங்கு உள்ளவர் கையில் அதைத் திருத்தும் பொத்தான் இருந்தால், அந்தப் பதிவை எதிர்த்தரப்பு எதற்கு நம்பும்? தவறாகப் பதிவானால் காரணத்தோடு ஒரு குறிப்பு சேர்க்கலாம், பழைய நேரம் அப்படியே நிற்கும். இதோடு சேர்ந்தது கேட் கணினியின் பொது லாகின். மூன்று ஷிப்டுக்கும் ஒரே பெயர், திரை ஓரத்தில் ஒட்டிய பாஸ்வேர்டு. பதிவேட்டில் எல்லாமே 'கேட்' செய்ததாக இருக்கும். ஆளுக்கொரு சின்ன ரகசிய எண் (PIN) வசதி இருக்கிற மென்பொருளாகப் பாருங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் நீளமான பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். வண்டிகள் வரிசையில் நிற்கும்போது செய்யவும் முடியாது.

தற்காலிக அனுமதி உண்டு. விடுப்பில் போகிறவருக்குப் பதிலாக வருபவருக்குக் கொடுத்துவிட்டு முடிவுத் தேதி போடலாம். தேதி மட்டும்தான், மணி கிடையாது. இரவு ஷிப்டில் இருப்பவருக்கு நள்ளிரவில் உரிமை போய்விடுகிறது. எழுதியவர் இரவு ஷிப்ட் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒரு நாள் கூடுதலாகப் போட்டு ஓட்டுகிறோம்.

இ.ஆர்.பி. (நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, ஆர்டர் எல்லாம் பார்க்கும் மென்பொருள்) இணைப்புக்கான ஏ.பி.ஐ. கீ, அதாவது இரண்டு மென்பொருளும் பேசிக்கொள்ளத் தரும் சாவி, அட்மினின் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டாம். தனிக் கணக்கு, அதற்கு வேண்டிய அனுமதி மட்டும். அப்புறம், வேலையை விட்டுப் போனவர்கள். எல்லா மென்பொருளுக்கும் ஆளுக்கொரு கணக்கு என்று இருக்கும் நிறுவன லாகினோடு இணைத்தால் நம் ஆட்கள் கணக்கு தானாக மூடிவிடும். டிரான்ஸ்போர்ட்டர் அலுவலகத்தில் யார் போனார் யார் வந்தார் என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. நீண்ட நாள் நுழையாத வெளிக்கணக்கைத் தானாக முடக்கும் அமைப்பு இருக்கிறது, அதை இயக்கி வைத்திருக்கிறேன்.

தீராத குறை ஒன்று: ஒருவருக்கு இரண்டு ரோல் இருந்தால் இரண்டின் அனுமதிகளும் கூடிவிடுகின்றன, கூட்டிய பிறகு என்ன நிற்கிறது என்று ஒரே திரையில் காட்டுவதில்லை. ஏற்றுமதி செய்யவும் வழியில்லை. ஆடிட் வரும்போதெல்லாம் ஒவ்வொரு பயனராகத் திறந்து பார்த்து எக்ஸெலில் கையால் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கேட்டால், பட்டியலில் இருக்கிறது என்கிறார்கள். மற்றதற்கெல்லாம் நான்கு நட்சத்திரம் தரலாம், இதற்காக அரை நட்சத்திரம் குறைக்கிறேன்.