சின்ன ஜப்பானிய உணவகத்தில் எதைக் கேட்பது: சுஷியா, தெய்ஷோக்குவா?

தெருமுனைச் சின்ன ஜப்பானிய உணவகங்களின் மெனு நீளமானது. சுஷி, உடோன் நூடுல்ஸ், மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புரா, சோற்றுக் கிண்ணமான டோன்புரி என்று போய்க்கொண்டே இருக்கும். மதிய நேரத்தில் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு தட்டுகள் கண்ணில் படும். ஒன்று, எட்டுத் துண்டு நிகிரி சுஷி: வினிகர் கலந்த சோற்றுப் பிடி மேல் மீன் துண்டு வைத்தது. மற்றது தெய்ஷோக்கு: சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) கரைத்த சூப், சுட்டதோ பொரித்ததோ ஒரு முக்கியப் பண்டம், ஊறுகாய், ஓரிரு சின்னக் கிண்ணங்கள். இந்த மாதிரிக் கடையில் என் ஓட்டு தெய்ஷோக்குவுக்குத்தான்.

பச்சை மீன் பயத்தால் இதைச் சொல்லவில்லை. ஒட்டுண்ணியைக் கொல்ல மீனை −20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறையவைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (FDA) வழிகாட்டுதல். மலிவான கடைக்கு வரும் சூரை மீனும் பெரும்பாலும் உறைந்து வந்ததுதான். சுஷிக்குத் தொட்டுக்கொள்ள வசாபி என்று வைப்பது ஹார்ஸ்ராடிஷ் என்ற கார வேரும் கடுகும் பச்சை நிறமும் கலந்த விழுது. அந்த விலைக்கு அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

பிரச்சினை சுஷியின் சோற்றில் இருக்கிறது. ஒரு நிகிரித் துண்டில் 15 முதல் 20 கிராம் சோறு; எடையில் பாதிக்கு மேல் அதுதான். 300 கிராம் அரிசிக்குச் சுமார் 60 மில்லி வினிகர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உப்பு. இதை வெந்த சூட்டிலேயே ஊற்றி, பருக்கை நசுங்காமல் வெட்டுவதுபோல் கிளறி, விசிறி ஆற்ற வேண்டும். ஆறிய சோற்றில் ஊற்றினால் வினிகர் உள்ளே இறங்காது. மேலே பிசுபிசுப்பாக நிற்கும். பரிமாறும்போது ஏறக்குறைய உடல் சூட்டில் இருந்தால் வாயில் வைத்ததும் உதிரும். அந்த நிலை சில மணி நேரம்தான் நிற்கும்.

சுஷி மட்டுமே விற்கும் கடையில் சோறு தீரத் தீரப் புதிதாகக் கலக்கிறார்கள். எல்லாம் விற்கும் சின்னக் கடையில் நாளுக்குச் சில தட்டு சுஷிதான் போகும். காலையில் ஒருமுறை கலந்ததையே மாலை வரை ஓட்டுவார்கள், இல்லையென்றால் ரோல்களை (பாசித் தாளில் சுருட்டும் சுஷி) முன்பே சுருட்டி பிரிட்ஜில் வைப்பார்கள். இரண்டாவது இன்னும் மோசம். 4 டிகிரிச் சூட்டில் சோற்றின் மாவுச்சத்து வேகமாக இறுகிவிடும். சர்க்கரை அதைத் தாமதப்படுத்துமே தவிர, தடுக்காது. பருக்கை நடுவில் கட்டியாக, பல்லில் மணல்போலத் தட்டுப்பட்டால் காரணம் இதுதான். எவ்வளவு நல்ல மீனை மேலே வைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

தெய்ஷோக்குவின் சோறு வினிகர் கலக்காதது. குக்கரில் 70 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாகவே இருக்கும். அதனால் கூட்டம் குறைந்த கடையிலும் மதியச் சாப்பாடு முழுக்கத் தாக்குப்பிடிக்கும். இதற்கும் எல்லை உண்டு: லேசான மஞ்சள் நிறமும் பழைய வாடையும் வந்தால் அது மிக நேரமாகக் கிடந்த சோறு.

முக்கியப் பண்டம் கேட்ட பிறகுதான் அடுப்பேறும் என்பது இன்னொரு பலம். கானாங்கெளுத்தியைச் சுட்டுத் தரும் சபா தெய்ஷோக்குவை நம்பிக் கேட்கலாம். மீனில் உப்புத் தடவி 20, 30 நிமிடம் வைத்து, கசியும் நீரைத் துடைத்துவிட்டுச் சுடுவார்கள். கவிச்சி அந்த நீரோடு போய்விடும். சொன்ன மூன்றாம் நிமிடமே தட்டு வந்தால் முன்பே சுட்டு வைத்ததைச் சூடாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தோல் தொளதொளவென்று இருக்கும். டோங்கட்சு (பிரெட் தூளில் பொரித்த பன்றிக்கறி) என்றால் அடியில் கம்பித் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பன்றிக்கறியிலிருந்து வரும் ஆவி தட்டில் முட்டி, அடிப்பக்கத்து பிரெட் தூள் நனைந்துபோகும்.

பலவீனமான இடம் மிசோ சூப். அடுப்பை அணைத்த பிறகுதான் மிசோ கரைக்க வேண்டும். மதியம் முழுக்கக் கொதிப்பில் கிடந்தால் மணம் போய் உப்பு மட்டும் மிஞ்சும். மூன்று மணிக்கு மேல் போனால் இதை எதிர்பார்த்தே போகலாம்.

சுஷிதான் வேண்டும் என்றால், தட்டுகள் சுழலும் பட்டையில் சுற்றிவரும் கடையே மேல். 1958இல் ஒசாகா பக்கம் ஷிராய்ஷி யோஷியாகி தொடங்கிய முறை அது. கூட்டம் இருக்கிற நேரத்தில் சோறு பழசாக வாய்ப்பே இல்லை. பட்டையில் சுற்றுவதை எடுக்காமல், கேட்டு வாங்குங்கள். ராமென் என்ற நூடுல்ஸ் சூப்பை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. பல மணி நேரம் எலும்புச் சாறு காய்ச்சுவது தனித் தொழில்.

சைவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். மிசோ சூப், முட்டைச் சுருள், தெம்புராவுக்குத் தரும் சாறு எல்லாவற்றிலும் தாஷி என்ற அடிப்படைச் சாறு இருக்கும். வழக்கமான தாஷி கட்சுவோ மீன் சீவலில் எடுத்தது. தெய்ஷோக்குவில் பாதிக் கிண்ணங்கள் அப்படியே ஒதுங்கிவிடும். வெள்ளரிக்காய் ரோல் பாதுகாப்பு. இனாரி என்றால் சோறு அடைத்த பொரித்த டோஃபு பை; அந்தப் பையைத் தாஷியில் வேகவைத்தார்களா என்று கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். கொம்பு என்ற கடற்பாசியில் மட்டும் எடுத்த தாஷி என்றால் தாராளமாகக் குடிக்கலாம்.