3018 மேசை சிஎன்சி: வாட்ச் பிரிட்ஜுக்குச் சரி, பல்சக்கரத்துக்கு வேண்டாம்

3018 என்பது கணினி ஓட்டும் சிறு மேசை வெட்டு இயந்திரம். விற்பனைப் பக்கங்களில் அதன் துல்லியம் என்று போடும் 0.00125 மி.மீ. என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்துகிறது, மோட்டாருக்கு ஒரு சுற்றில் 200 ஸ்டெப், அதை ஓட்டும் டிரைவர் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 ஆகப் பிரிக்கிறது. வகுத்தால் அந்த எண் வரும், அவ்வளவுதான். முழு ஸ்டெப் என்பது 0.02 மி.மீ.; இடைப்பட்ட மைக்ரோஸ்டெப்புகளை வெட்டும் சுமையில் நம்ப முடியாது. அதன்மேல் நட்டின் பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது வீணாகும் நகர்வு, சாதாரணமாக 0.05 முதல் 0.1 வரை. வாட்ச் சக்கரமும் அடுத்த பினியனும் (சில பற்களே உள்ள சிறு சக்கரம்) ஒழுங்காகக் கடிக்க, மையத்தூரம் 0.01, 0.02-க்குள் நிற்க வேண்டும்.

ஆனாலும் ஈடிஏ 6497 என்ற சுவிஸ் வாட்ச் மூவ்மென்டுக்கு (உள் இயந்திரம்) அல்லது அதைப் பார்த்துச் செய்த சீன சீகல் எஸ்டி36-க்குப் புது பிரிட்ஜ் (சக்கர அச்சுகளின் மேல்முனையைத் தாங்கும் தகடு) வெட்ட இந்த இயந்திரம் போதும். 36.6 மி.மீ. விட்டமுள்ள பெரிய மூவ்மென்ட் என்பதால் பழக ஏற்றது.

வாங்கியதும் கவனிக்க வேண்டியது ஸ்பிண்டில், அதாவது கட்டரைச் சுழற்றும் பகுதி. 775 மோட்டாரின் 5 மி.மீ. தண்டில் கட்டரைக் கவ்வும் இஆர்11 காலட் பிடிப்பானைச் சிறு திருகால் இறுக்கியிருப்பார்கள். திருகு ஒரு பக்கமாகத் தள்ளுவதால் ஆட்டம் வருகிறது. 1 மி.மீ. இரட்டைப் பல் கார்பைடு எண்ட்மில் (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர்), நிமிடத்துக்கு 9,000 சுற்று, 100 மி.மீ. ஃபீட் (கட்டர் முன்னேறும் வேகம்) என்றால் ஒரு பல்லுக்கு 0.006 மி.மீ. கூடக் கிடைப்பதில்லை. ஆட்டம் 0.03 இருந்தால் ஒரே பல் முழு வேலையையும் செய்யும். கட்டர் ஒடிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஃபீட் அல்ல. டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். பிடிப்பானைத் தண்டில் கொஞ்சம் திருப்பி மாட்டினாலே பாதி குறையும். அப்படியும் 0.02-க்குக் கீழே வராவிட்டால் ஸ்பிண்டிலை மாற்றுவதே சரி.

பித்தளையில் ஈயம் கலந்த சி360 வாங்குங்கள். அலங்காரத் தகடு வெட்டிய ஓரத்தில் பிசிறு (பர்) எழுப்பி மானத்தை வாங்கும். 2 மி.மீ. தகட்டை, இயந்திரத்திலேயே முகம் வெட்டிய அலுமினியப் பலகையில் சூப்பர் குளு போட்டு ஒட்டலாம். கிளாம்ப் போட்டால் தகடு வளையும், அவிழ்த்ததும் அளவு மாறும். ஒரு வெட்டுக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. ஆழம் போதும். ஒரே பக்கம் நிறையக் குழித்தால் உருட்டிய தகட்டின் இறுக்கம் விடுபட்டு வளைந்துவிடும். இரு பக்கமும் மாற்றி மாற்றி எடுங்கள். முடிந்ததும் அசிட்டோனில் ஊறவைத்தால் பசை விடும். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

வேலையின் உயிர் துளைகளில்தான். வெளிவடிவம் 0.05 மி.மீ. தவறினால் அரத்தால் சரிசெய்யலாம், அச்சு முனையைத் தாங்கும் கல் (ஜுவல்) உட்காரும் துளையில் அது நடக்காது. எண்ட்மில்லை வட்டமாகச் சுற்றவிட்டுத் துளை போடாதீர்கள்: அச்சு திசை மாறும் இடங்களில் பேக்லாஷ் புகுந்து துளை முட்டையாகும். இயந்திரத்தை ஓட்டும் மென்பொருளான ஜிஆர்பிஎல் அதை ஈடுசெய்யாது. ஒவ்வொரு துளைக்கும் அரை மி.மீ. தள்ளிப் போய், ஒரே திசையிலிருந்து நெருங்குமாறு நிரல் எழுதுங்கள். முதலில் இடம் குறிக்கும் ஸ்பாட் டிரில், பிறகு 1.1 மி.மீ. டிரில், கடைசியாக 1.20 கல்லுக்கு 1.19 ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு விரிக்கும் கருவி). அந்த 0.01 வித்தியாசம்தான் கல்லைப் பிடிக்கிறது. பிரிட்ஜை இடத்தில் நிறுத்தும் ஸ்டெடி பின் துளைகளையும் கல் துளைகளையும் பலகையைக் கழற்றாமல் ஒரே அமைப்பில் முடித்துவிட்டுத்தான் வெளிவடிவத்துக்குப் போக வேண்டும். துளைகளின் இடத்தை ஸ்கேனரில் எடுப்பது வீண்: 1,200 டிபிஐயில் ஒரு புள்ளியே 0.021 மி.மீ.

பேலன்ஸ் காக் (நேரத்தை ஒழுங்குபடுத்தும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பாலம்) மட்டும் இதில் முயலாதீர்கள், அங்கே இந்தப் பிழைக்கு இடமே இல்லை.

பல்சக்கரமா? மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 0.15 என்றால் இரு பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி சுமார் 0.24 மி.மீ. அதற்குள் நுழையும் எண்ட்மில்லை இந்த ஸ்பிண்டிலில் உயிரோடு வைத்திருக்க முடியாது. பல் வடிவிலேயே தீட்டிய ஒற்றைப் பல் கட்டரும் சுழல் அச்சும் வேண்டும். அந்த ஆசை இருப்பவர்கள் காசு சேர்த்து, கலிபோர்னியாவின் ஷெர்லைன் மில்லைப் பார்க்கலாம். அதன் சுழல் மேசை 72-க்கு 1, அதாவது மோட்டார் 72 சுற்று சுற்றினால் மேசை ஒரு சுற்று. மோட்டார் சுற்றுக்கு 400 அரை ஸ்டெப் என்றால் மேசையின் ஒரு சுற்றுக்கு 28,800, ஆக 80 பல் சக்கரத்துக்குப் பல்லுக்குச் சரியாக 360 ஸ்டெப், மீதி இல்லை. குறை என்று சொன்னால் அதன் வழக்கமான ஸ்பிண்டில் 2,800 சுற்றோடு நின்றுவிடும். 10,000 சுற்றுக்கான புல்லியைத் தனியாக வாங்க வேண்டும். பினியனும் பேலன்ஸ் ஸ்டாஃபும் (பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு) இந்த இரண்டு இயந்திரங்களிலும் ஆகாது. அவை லேத் வேலை.