நலமான முழங்கால், தேய்ந்த முழங்கால்

குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அப்படியானால், படியிறங்கும்போது அம்மாவைக் கைப்பிடியை இறுகப் பற்றி நிற்கவைக்கும் வலி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டுறையிலிருந்தும்தான்.

நலமான மூட்டில் உணர்வு நரம்பு வெறும் காவலாளி அல்ல. கொத்தனாருக்கு உதவும் சித்தாளும்கூட. அதன் நுனி சுரக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதம் எலும்பைக் கட்டும் செல்களைத் தூண்டுகிறது, அரிக்கும் செல்களை அடக்குகிறது.

தேய்ந்த மூட்டிலோ அரிக்கும் செல்களின் கை ஓங்குகிறது. எலிகளில் கண்டபடி, அவை நெட்ரின்-1 என்ற புரதத்தைச் சுரந்து நரம்புகளைத் தம் பக்கம் இழுக்கின்றன. எலும்பைக் கரைக்க அவை கக்கும் அமிலமே அந்த நரம்புகளை எரியவைக்கிறது.

வலியை மட்டும் அணைக்கும் மருந்தை நம்ப நான் தயங்குகிறேன். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைத் தடுத்த டானெசுமாப் என்ற மருந்து வலியைக் குறைத்தது; சிலருக்கு மூட்டோ வேகமாகச் சிதைந்தது. 2021இல் அது கைவிடப்பட்டது.