பாளையங்கோட்டையில் ஒரு பட்டாளப் பயிற்சி மையம்: ஓட்டம் அருமை, உள்ளதைச் சொல்வதில்தான் குறை

என் நண்பனை ராணுவத்துக்குத் தயார் செய்த பயிற்சி மையத்தைப் பற்றி எழுதுகிறேன். அங்கே சேர்ந்தது அவன்தான், நான் இல்லை. ஆனால் விடியுமுன்னே அவனை வண்டியில் கொண்டுபோய் விட்டது, ஃபீஸ் கட்டும்போது கூட நின்றது, அவன் ஓட ஓடப் போனைப் பிடித்து நேரம் பார்த்தது எல்லாம் நான் என்பதால் அந்த இடத்தின் மூலைமுடுக்கெல்லாம் எனக்குத் தெரியும். பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போடுவது என் நோக்கமில்லை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இந்த மாதிரி மையங்கள் நிறைய இருக்கின்றன. தம்பியையோ மகனையோ கூட்டாளியையோ சேர்க்க நினைக்கிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது.

நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். வெளியே எல்லோருக்கும் அண்ணாச்சி, கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் மாஸ்டர். காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும், பிந்தி வந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். அடி, கெட்ட வார்த்தை எதுவும் நான் பார்த்ததில்லை. அக்னிவீர், அதாவது அக்னிபத் திட்டத்தில் எடுக்கிற சிப்பாய் வேலைக்கான உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண் 60, புல்லப்ஸ் பத்து எடுத்தால் 40. அப்புறம் 9 அடிப் பள்ளம் தாண்டுவதும், வளைந்து வளைந்து போகிற கட்டைமேல் விழாமல் நடப்பதும் உண்டு, அவற்றுக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் தேறாவிட்டால் வீட்டுக்குத்தான். பையன்கள் எல்லோரும் முதல் சுற்றில் பாய்ந்து ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், என் நண்பனும் அப்படித்தான். மாஸ்டர் அவனை முதல் சுற்றில் முந்தவே விடவில்லை. கூடவே ஓடுவதற்கு ஒரு சீனியர் பையனைப் போட்டு, அவன் தோளுக்குப் பின்னாலேயே வர வேண்டும் என்று சொல்லி, கடைசிச் சுற்றில் மட்டும் விசில் அடித்து அவிழ்த்துவிட்டார். சில மாதத்தில் ஐந்தரை நிமிடத்துக்குள் வந்துவிட்டான். புல்லப்ஸ் கம்பியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறார், ஐப்பசி மழையிலும் கை வழுக்காது. என் நண்பன் உள்ளங்கையில் விரலடித் தோல் காய்த்து, பிளந்து, மறுபடி காய்த்து, கைகொடுத்தால் செங்கல்லைப் பிடித்த மாதிரி இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சேர்க்கும் முறை. முதல் நாள் பணம் வாங்க மாட்டார். பையனை வாளித் தண்ணீரில் காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் நடக்கச் சொல்லுவார். ஈரத்தடத்தில் பாதத்தின் நடுப்பகுதி உள்வாங்கித் தெரிகிறதா, இல்லை முழுப் பாதமும் பட்டையாகப் பதிகிறதா என்று குனிந்து பார்ப்பார், தட்டைப் பாதம் என்றால் மருத்துவத்தில் கழித்துவிடுவார்கள் என்பதால். முட்டி இரண்டும் இடிக்கிறதா என்று பார்ப்பார். காதுக்குள் டார்ச் அடித்து, அழுக்கு இருந்தால் டாக்டரிடம் போய் எடுத்துவிட்டு வா என்பார். நாங்கள் போன அன்று மேல்கையில் அம்மா பெயரைப் பச்சை குத்திய ஒரு பையன் வந்திருந்தான். முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் இருக்கிற நிரந்தரப் பச்சையைத்தான் பொதுவாக ஏற்பார்கள், மேல்கையில் இருந்தால் நிற்காது என்று எடுத்துச் சொல்லி, ஒரு பைசா வாங்காமல் அனுப்பிவிட்டார். வேறு சில இடங்களில் அந்தப் பையனிடம் ஆறு மாத ஃபீஸை வாங்கிவிட்டு அப்புறம் மருத்துவத்தில் போனால் எங்கள் பொறுப்பில்லை என்பார்கள்.

சான்றிதழ் விஷயத்திலும் கெட்டிக்காரர். நம் ஊரில் பாதிப் பேருக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். இதைச் சேர்ந்த வாரமே சரிபார்த்து இ-சேவை மையத்துக்கு விரட்டிவிடுவார். திருமணமாகாதவர் என்ற சான்று, நன்னடத்தைச் சான்று, எதை எங்கே வாங்க வேண்டும் என்று எல்லாம் வாய்ப்பாடாக வைத்திருக்கிறார். திருநெல்வேலி மாவட்டத்துக்கு ஆள்சேர்ப்பு அலுவலகம் திருச்சியில். அங்கே தெரிந்த ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் நடக்கும் என்று யாராவது சொன்னால் அவனை என்னிடம் கூட்டிக்கொண்டு வா என்பார். அதில் ரொம்பக் கண்டிப்பு.

எழுத்துத் தேர்வு வகுப்பு சுமார்தான். பொதுப் பணிக்கு 50 கேள்வி, கேள்விக்கு 2 மதிப்பெண், தப்பாக எழுதினால் அரை மதிப்பெண் போகும். 2025 தேர்விலிருந்து தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம் என்று ஆகிவிட்டது, ஆனாலும் இங்கே கொடுத்த நோட்ஸ் எல்லாம் எப்போதோ எடுத்த ஆங்கில ஜெராக்ஸ், சில பக்கத்தில் எழுத்தே தெரியவில்லை. கணக்கு சொல்லித்தருகிற கல்லூரிப் பையன் மட்டும் நன்றாகச் சொல்லித்தருகிறான்.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன்.

அவனும் நானும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், நீச்சல் பழகியதும் ஒன்றாகக் குறுக்குத்துறையில்தான். அவன் பட்டாளத்துக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உயிரிழந்த செய்தியை நாங்கள் இரண்டு பேரும் ஒரே போனில்தான் பார்த்தோம். அன்றைக்கு அவனுக்குள் ஒன்று விழுந்தது, எனக்குள் வேறொன்று விழுந்தது. போகாதே என்று நான் அவனிடம் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன், அது அவன் ஆசை, வீட்டு நிலைமையும் அப்படி. ஆனால் எதற்குள் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் இல்லையா? அதைச் சொல்ல வேண்டிய முதல் இடம் இந்த மையம்தான், அதை அவர்கள் சொல்லவில்லை.

2022 ஜூன் 14இல் அக்னிபத் திட்டம் அறிவித்த பிறகு ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்வது பழைய மாதிரி இல்லை. பயிற்சியையும் சேர்த்து மொத்தம் 4 வருடம். அது முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள், மீதிப் பேர் ஊருக்கு. முதல் வருடம் மாதம் 30,000, அதில் 30 சதவீதத்தைச் சேவா நிதி என்று பிடித்துக்கொண்டு கைக்கு 21,000, நாலாவது வருடம் 40,000க்கு 28,000. பிடித்த அளவுக்கு அரசும் போடும், கடைசியில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் வரி இல்லாமல் கிடைக்கும். பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. நாலு வருடத்தோடு வெளியே வருகிறவருக்கு முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் கிடையாது, அதனால் கேண்டீன், மருத்துவ வசதி எதுவும் இல்லை. அந்த நாலு வருடமும் கல்யாணம் செய்யக் கூடாது.

இதில் ஒன்றுகூட அந்த மையத்தின் சுவரில் இல்லை. சுவர் முழுக்கத் தேர்வான பையன்களின் மாலை போட்ட படங்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் மாஸ்டரேதான், இதை அவரைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் பழைய முறையில் சேர்ந்தவர், முழுச் சர்வீஸ் பார்த்து இன்னும் திடமான வயதிலேயே ஓய்வுபெற்று வந்தவர், மாதம் பிறந்தால் பென்ஷன், சொந்த வீடு, கேண்டீன் கார்டு. பையன்கள் தினமும் காலையில் பார்க்கிறது அந்த வாழ்க்கையை. தங்களுக்கும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நான் ஒருநாள் தனியாக நிறுத்தி இதைக் கேட்டேன். "தம்பி, நாலு வருசக் கணக்க இப்பமே சொன்னா பையன் மனசு விட்டுருவான். மொதல்ல உள்ள போகட்டும்" என்றார். அவர் அக்கறையில்தான் சொன்னார், எனக்குப் புரிகிறது. ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் நண்பனின் அம்மா பீடி சுற்றுகிறவர். ஃபீஸ் கட்டிய பணம் அந்தத் தட்டிலிருந்து வந்தது. "பென்சன் உண்டுல்லா?" என்று அவர் ஒருநாள் என்னிடம் கேட்டபோது, பணம் வாங்கிய இடத்தில் யாரும் அவருக்கு இதைச் சொல்லவே இல்லை என்று தெரிந்தது. அன்றைக்கு நானே அரசு வெளியிட்ட விவரத்தைப் போனில் எடுத்து, திண்ணையில் உட்கார்ந்து வரிசையாகத் தமிழில் வாசித்துச் சொன்னேன். சம்பளம், பிடித்தம், லீவு வருடத்துக்கு 30 நாள் என்று சொல்லிக்கொண்டே வந்து, பணியில் உயிர் போனால் 48 லட்சம் காப்பீடு, அதோடு 44 லட்சம் கருணைத்தொகை என்ற இடத்தைத் தாண்டிப் போகப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். "அதையும் வாசிய்யா" என்றார். வாசித்தேன். இலை வெட்டுகிற கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "அவனுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அவனுக்குப் பாதிதான் தெரிந்திருந்தது. சாயங்காலம் மூன்று பேருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசினோம். கடைசியில் அவன், "போறேன்னுதான் இருக்கேன், ஆனா இப்பம் தெரிஞ்சு போறேன்லா" என்றான். அவன் ஓட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மாஸ்டர் பயந்தது நடக்கவில்லை.

இதே மையத்தில் இந்தக் குறைக்கு மருந்தும் இருக்கிறது, அவர்கள் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். லீவில் வருகிற பழைய பையன்கள் ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு வந்து புதுப் பையன்களோடு ஓடுவார்கள். ஓடி முடித்ததும் போய்விடுகிறார்கள், யாரும் உட்காரவைத்துப் பேசுவதில்லை. நான் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன் ஒருவனைப் பிடித்து டீக்கடையில் உட்காரவைத்தேன். ஒரு டீயில் அவன் சொன்னது மையத்தில் பல மாதம் கேட்காதது. முதல் மூன்று மாதம் ராத்திரி அழுதிருக்கிறான், இந்தி புரியாமல் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்பியிருக்கிறான், அப்புறம் பழகிவிட்டது. நாலு வருடம் கழித்து என்ன என்றால், அதற்காகத்தான் இப்போதே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரிக்குப் பதிந்திருக்கிறேன், ராணுவப் பயிற்சிக்கே பாதி கிரெடிட் கொடுப்பார்கள் என்றான். மத்தியப் போலீஸ் படைகளில் அக்னிவீரர்களுக்கு 2022இல் 10 சதவீத ஒதுக்கீடு அறிவித்ததையும் அவன்தான் விளக்கமாகச் சொன்னான். அவன் அம்மாவின் நம்பரை வாங்கி நண்பனின் அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் இப்போது வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறார்கள், எனக்கு இதில் கிடைத்த பெரிய ஆறுதல் அதுதான்.

தேர்வான பிறகு மையம் கைவிடவில்லை, இதையும் சொல்ல வேண்டும். பெட்டியில் என்ன வைக்கணும், என்ன வைக்கக் கூடாது என்று மாஸ்டர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். சாவ்தான், விஷ்ராம் தொடங்கி இந்திக் கட்டளைகளைத் தினமும் சொல்லவைத்துப் பழக்கினார். பஸ் ஏறும்போதும் வந்து நின்றார்.

நண்பன் இப்போது வெலிங்டனில், மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் இருக்கிறான். 1758இல் தொடங்கிய பழைய படை, சுற்றிலும் தமிழும் மலையாளமும் கேட்கிறதாம், அதில் ஒரு நிம்மதி. பாளை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு நீலகிரிக் குளிர் தாங்குமா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் போன் வரும், முதலில் அம்மாவுக்கு, மிச்சம் நேரம் இருந்தால் எனக்கு. பயிற்சி முடிந்து சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகு எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாது. அந்த நினைப்பு வந்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

உடற்பயிற்சிக்கும் நேர்மைக்கும் ஐந்துக்கு ஐந்து, எழுத்துத் தேர்வுக்கு இரண்டரை, உள்ளதைச் சொல்வதற்கு ஒன்று. மொத்தத்தில் மூன்றரை கொடுப்பேன், சேர்க்கலாமா என்றால் சேர்க்கலாம் என்றே சொல்வேன். போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், பையனின் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள், லீவில் வந்த பையன் யாராவது இருக்கிறானா என்று விசாரித்து அவனிடம் பேசிய பிறகு பணம் கட்டுங்கள், ஃபீஸைத் தவணையாகவும் வாங்கிக்கொள்கிறார்கள். நாலு வருடக் கணக்கை ஒரு பெரிய தாளில் தமிழில் எழுதி நான் மாஸ்டரிடம் கொடுத்திருக்கிறேன், மாலை போட்ட படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லி. வாங்கி மடித்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறார். ஒட்டிவிட்டார் என்றால் இன்னும் ஒரு மதிப்பெண் ஏற்றிவிடுகிறேன்.